விஎம்முக்கு நெட்வொர்க்: மேக்விடாப்பா, பிரிட்ஜா?

வீட்டில் ஒரு பழைய டெஸ்க்டாப்பில் (இதுதான் ஹோஸ்ட்) உபுண்டு சர்வர் என்ற லினக்ஸ் போட்டு, அதன் கேவிஎம் வசதியில் மூன்று விஎம் (கணினிக்குள் ஓடும் மெய்நிகர் கணினி) ஓட்டுகிறேன். ஒன்று கோப்புகளுக்கு, ஒன்று வீட்டுச் சாதனங்களை இயக்கும் ஹோம் அசிஸ்டன்டுக்கு, மூன்றாவது சோதனைக்கு. மூன்றும் வீட்டு ரவுட்டரிடமே ஐபி வாங்கி, மற்ற கணினிகளைப் போலத் தெரிய வேண்டும். விஎம்மை நேராக நெட்வொர்க் கார்டோடு இணைக்கும் மேக்விடாப்பில் தொடங்கினேன், நான்கு மாதம் கழித்து, ஹோஸ்டுக்குள் ஸ்விட்ச் போல இயங்கும் லினக்ஸ் பிரிட்ஜுக்கு மாறினேன். அதனால் இந்த அலசல் பிரிட்ஜ் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

விஎம்களை நிர்வகிக்கும் லிப்விர்ட்டை நிறுவியதும் தானாக வரும் நேட் (விஎம்களை ஹோஸ்டின் ஐபிக்குப் பின்னால் வைக்கும் முறை) பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 192.168.122 என்று தொடங்கும் ஐபி கிடைக்கும், இணையம் வேலை செய்யும். வெளியிலிருந்து விஎம்முக்குள் வர வேண்டுமென்றால்தான் சிக்கல். ஹோம் அசிஸ்டன்ட் டிவியையும் பிரிண்டரையும் தானாகத் தேடும்போது அனுப்பும் அழைப்பு அந்த வேலியைத் தாண்டாது. ஆனால் வைஃபை மட்டும் உள்ள லேப்டாப்பில் விஎம் ஓட்டுகிறவர்களுக்கு நேட்தான் சரி. தன்னிடம் இணைந்த மேக் முகவரியிலிருந்து (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) வருவதை மட்டுமே வைஃபை ஏற்றுக்கொள்ளும். விஎம்மின் தனி மேக் முகவரி அதற்கு அந்நியம். பிரிட்ஜ், மேக்விடாப் இரண்டுமே அங்கே பெரும்பாலும் திணறும்.

மேக்விடாப்பின் கவர்ச்சி அதன் எளிமை. விஎம் அமைக்கும் விர்ட்-மேனேஜர் செயலியில் நெட்வொர்க் கார்டைத் தேர்ந்தெடுத்தால் முடிந்தது, ஹோஸ்டின் அமைப்பில் எதையும் தொட வேண்டாம். எனக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. ஃபோனிலிருந்து கோப்பு விஎம் திறந்தது, லேப்டாப்பிலிருந்தும் திறந்தது. ஹோஸ்டிலிருந்து விஎம்மை பிங் செய்து பதில் வருகிறதா என்று பார்த்தேன், பதிலே இல்லை. அன்று மாலை முழுக்க ஃபயர்வாலைத்தான் சந்தேகப்பட்டேன்.

ஃபயர்வால் மேல் தவறில்லை, மேக்விடாப்பின் இயல்பே அதுதான். விஎம் அனுப்புவது நேராகக் கார்டு வழியாக வயருக்குப் போய்விடும். எந்த போர்ட்டில் வந்ததோ அதே போர்ட்டில் சாதாரண ஸ்விட்ச் அதைத் திருப்பி அனுப்பாது. ஆகவே அதே கார்டில் உட்கார்ந்திருக்கும் ஹோஸ்டுக்கு அது வந்து சேர்வதே இல்லை. ஒரே பெட்டிக்குள் இருக்கும் ஹோஸ்டும் விஎம்மும் மட்டும் பேசிக்கொள்ள முடியாது.

இது சின்னக் குறை என்று தோன்றலாம். என் பேக்கப் டிஸ்க் ஹோஸ்டில் இருக்கிறது; இரவு 2 மணிக்கு ஒவ்வொரு விஎம்மும் அதற்குத்தான் கோப்புகளை அனுப்ப வேண்டும். அதற்காக ஒவ்வொரு விஎம்முக்கும் இரண்டாவதாக ஒரு நெட்வொர்க் கார்டு கொடுத்து, ஹோஸ்டுடன் பேச மட்டும் ஒரு தனி நெட்வொர்க் அமைத்தேன். வேலை செய்தது. ஆனால் ஒவ்வொரு விஎம்முக்கும் இரண்டு ஐபி ஆகிவிட்டது. எந்த ஸ்கிரிப்டில் எதைப் போட்டோம் என்று நினைவு வைத்திருக்க வேண்டும். சோதனை விஎம்மைப் புதிதாகப் போட்டபோது இரண்டாவது கார்டைச் சேர்க்க மறந்துவிட்டேன். ஒன்பது நாள் பேக்கப் இல்லாமல் ஓடியிருக்கிறது, எந்தப் பிழைச் செய்தியும் என் கண்ணில் படவில்லை. அன்றுதான் மாறுவது என்று முடிவெடுத்தேன். அமைக்க ஆகும் நேரத்தைவிட, ஆறு மாதம் கழித்து எத்தனை விஷயத்தை நினைவு வைத்திருக்க வேண்டும் என்பதே எனக்குப் பெரிது.

பிரிட்ஜ் என்பது ஹோஸ்டுக்குள் இருக்கும் ஒரு மென்பொருள் ஸ்விட்ச். கார்டும் அதில் செருகியிருக்கும், விஎம்களும் செருகியிருக்கும், ஹோஸ்டின் ஐபியும் அதன்மேலேயே இருக்கும். எல்லோரும் எல்லோருடனும் பேசலாம். மாறியதும் ரவுட்டரின் பட்டியலைத் திறந்தால், 52:54:00 என்று தொடங்கும் மூன்று மேக் முகவரிகள் வீட்டு ஃபோன்களோடு வரிசையில் நின்றன. புது விஎம் போடும்போது பிரிட்ஜைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

அமைக்கும் அரைமணி நேரம்தான் பயம். ஐபியைக் கார்டிலிருந்து எடுத்து பிரிட்ஜுக்குக் கொடுக்க வேண்டும். எஸ்எஸ்எச் வழியாகத் தொலைவிலிருந்து செய்து ஒரு வரி தவறினால் உள்ளே வர வழியிருக்காது. உபுண்டுவின் நெட்வொர்க் அமைப்புக் கருவியான நெட்பிளானில் ‘டிரை’ கட்டளை போட்டால், நாம் உறுதி செய்யாவிட்டால் 120 விநாடியில் பழைய அமைப்புக்குத் திரும்பிவிடும். ஆனால் பிரிட்ஜுக்கென்று எஸ்டிபி (நெட்வொர்க்கில் சுற்றுப்பாதை உருவாகாமல் தடுக்கும் முறை) போன்ற அமைப்புகளை எழுதியிருந்தால், அவற்றைத் திருப்ப முடியாது என்று சொல்லி அது நின்றுவிடும். எனவே மானிட்டரையும் கீபோர்டையும் செருகிக்கொண்டு உட்காருங்கள்.

அந்த எஸ்டிபியை எழுதாமலும் விட முடியாது. நெட்பிளான் அதை இயக்கிய நிலையிலேயே பிரிட்ஜை உருவாக்கும். இயல்பான கணக்கில் ஒரு போர்ட் திறக்குமுன் 15 விநாடி காதுகொடுத்துக் கேட்கும், 15 விநாடி முகவரிகளைக் கற்கும். அதற்குள் விஎம் எழுந்து ஐபி கேட்டுப் பார்த்துவிட்டுச் சோர்ந்துவிடலாம். வீட்டில் ஒரே பிரிட்ஜ், சுற்றுப்பாதை உருவாக வழியில்லை என்றால் அணைத்துவிடலாம். அப்புறம் பிரிட்ஜுக்குக் கார்டின் மேக் முகவரியையே எழுதிக் கொடுங்கள். இல்லாவிட்டால் ரவுட்டரில் ஹோஸ்டுக்கென்று ஒதுக்கி வைத்த ஐபி கிடைக்காமல் போகலாம். அதே ஹோஸ்டில், செயலிகளைத் தனித்தனிப் பெட்டிகளாக ஓட்டும் டாக்கரும் ஓடினால் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். அது ஹோஸ்ட் வழியாகக் கடந்து போகும் (ஃபார்வர்டு) போக்குவரத்தை இயல்பாகத் தடுக்கும்; பிரிட்ஜ் வழியாகப் போவதும் அந்த விதிகளுக்குள் வந்துவிட்டால் விஎம்கள் திடீரென ஊமையாகிவிடும். பிரிட்ஜுக்குத் தனியாக அனுமதி எழுத வேண்டும்.

ஓப்பன் விஸ்விட்ச் என்ற இன்னொரு மென்பொருள் ஸ்விட்ச்சை ஒரே பெட்டியில் ஒரு வாரம்தான் ஓட்டினேன். பல ஹோஸ்டுகளை இணைக்கும்போது அதன் பலம் தெரியும் என்பார்கள். அந்த அளவுக்கு நான் போகவில்லை. மூன்று விஎம்முக்கு அது கூடுதல் சுமையாகவே பட்டது. ஒரே நெட்வொர்க்கைத் தனித்தனியாகப் பிரிக்கும் விலான் தேவைப்பட்டால் லினக்ஸ் பிரிட்ஜே பார்த்துக்கொள்ளும்.

வாடகை சர்வரில் மட்டும் பிரிட்ஜைப் போடுமுன் கேட்டுக்கொள்ளுங்கள். தெரியாத மேக் முகவரியைப் பல டேட்டா சென்டர்கள் அனுமதிப்பதில்லை. வீட்டில் எனக்கு அந்தக் கவலை இல்லை. மாறிய அன்றே மூன்று விஎம்மிலும் இரண்டாவது கார்டைக் கழற்றினேன், பேக்கப் ஸ்கிரிப்டில் ஐபி இருந்த ஒரே வரியை மாற்றினேன். மறுநாள் காலை டிஸ்க்கில் மூன்று விஎம்மின் கோப்புகளும் இருந்தன.