முதல் மாதிரி ரயில் கண்காட்சி: ஸ்பிரிங்ஃபீல்டா, நார்த்லாண்ட்ஸா?

நியூஜெர்சியில் ரயில் பைத்தியம் பிடித்த பிள்ளை இருக்கிற வீட்டில் (சில வீடுகளில் அது அப்பா, எங்கள் வீட்டில் இரண்டு பேரும்) ஜனவரி பிறந்ததும் இந்தக் கேள்வி எழும். மாசசூசெட்ஸ் வரை காரோட்டி, வெஸ்ட் ஸ்பிரிங்ஃபீல்டில் நடக்கும் பெரிய மாதிரி ரயில் (நிஜ ரயிலைப் போலவே செய்த சின்ன ரயில்) கண்காட்சிக்குப் போவதா? இல்லை, பக்கத்தில் ஃபிளெமிங்டனில் நிரந்தரமாகவே இருக்கும் நார்த்லாண்ட்ஸ் மாதிரி ரயில் காட்சியகத்தைப் பார்த்துவிட்டு வருவதா? இரண்டையும் பார்த்தாயிற்று. நான் ஸ்பிரிங்ஃபீல்டு கட்சி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு ஒருபக்கச் சார்பு என்று யாரும் கோபிக்க வேண்டாம்.

தூரத்தில் போட்டியே இல்லை. எடிசனிலிருந்து ஃபிளெமிங்டன் முக்கால் மணி நேரம். வெஸ்ட் ஸ்பிரிங்ஃபீல்டு மூன்று மணி நேரம், அதுவும் ஜனவரி கடைசியில், பனி எப்போது கொட்டும் என்று சொல்ல முடியாத காலத்தில். கண்காட்சி ஆண்டுக்கு ஒரே ஒரு சனி ஞாயிறுதான். தவறினால் அடுத்த ஜனவரி.

நார்த்லாண்ட்ஸ் ஒரு தனிமனிதரின் பித்து. புரூஸ் வில்லியம்ஸ் சக்காக்னினோ என்பவர் 1970களில் வீட்டு நிலவறையில் ஆரம்பித்த ரயில் பாதை வளர்ந்து வளர்ந்து, வீடு கொள்ளாமல், 1996இல் தனிக் கட்டடத்தில் திறக்கப்பட்டது. ஹெச்.ஓ. அளவில் (நிஜ ரயிலில் 87இல் ஒரு பங்கு) 8 மைல் தண்டவாளம். மனித உயரத்தைத் தாண்டிய மலைகள், பள்ளத்தாக்குகள், எண்ணி முடியாத பாலங்கள். நடுவில் திடீரென்று ஒரு பெரிய பொம்மை மாளிகை, அப்புறம் ஒரு பைப் ஆர்கன். எதற்கு என்று கேட்கக் கூடாது, அவருக்குப் பிடித்திருந்தது, வைத்தார். வாய் பிளந்து பார்த்துக்கொண்டே நடக்கலாம். வானிலை நன்றாக இருந்தால் வெளியே ஏறிப் போகும் சின்ன ரயிலும் உண்டு.

ஸ்பிரிங்ஃபீல்டு கண்காட்சியை நடத்துவது அம்ஹர்ஸ்ட் ரயில்வே சொசைட்டி என்ற ஆர்வலர் சங்கம். செப்டம்பரில் பிக் ஈ திருவிழா நடக்கிற அதே பொருட்காட்சி மைதானத்தில், நான்கு பெரிய கட்டடங்களில். இங்கே எதுவும் நிரந்தரமில்லை. ஊர் ஊராக இருக்கும் கிளப்புகள் தங்கள் ரயில் பாதையை மாட்யூல் மாட்யூலாக (தனித்தனிப் பலகைத் துண்டுகளாக) வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து, அங்கே ஒன்றோடொன்று பூட்டி, இரண்டு நாள் ஓட்டிவிட்டு, ஞாயிறு மாலை பிரித்துக்கொண்டு போகிறார்கள். ஒவ்வொரு மாட்யூலும் ஒவ்வொருவர் செய்தது. அதனால் இலையுதிர்காலக் காட்டிலிருந்து ரயில் ஓர் அங்குலம் நகர்ந்தால் கொட்டும் பனிக்குள் போய்விடும். அழகில் ஓர் ஒழுங்கு வேண்டும் என்பவர்களுக்கு இது உறுத்தலாம்.

ஆனால் நான் ஸ்பிரிங்ஃபீல்டு பக்கம் சாய்வதற்குக் காரணம் அழகோ அளவோ இல்லை. அங்கே ரயில் தடம் புரள்கிறது. மாட்யூல்கள் சேரும் இடத்தில் தண்டவாளம் ஒரு மயிரிழை விலகினாலும் பெட்டி கவிழும். உடனே ஒருவர் மேசைக்கடியில் புகுந்து எதையோ திருகிவிட்டு எழுந்திருப்பார். அவரிடமே கேட்கலாம்: என்ன ஆயிற்று, எப்படிச் சரி செய்தீர்கள், வீட்டில் செய்தாலும் இப்படித்தானா? சொல்வதற்காகவே காத்திருந்தது போலச் சொல்கிறார்கள். வீட்டில் ஒரு சின்னப் பாதை போடும் எண்ணம் துளியாவது இருந்தால், இந்தப் பொழுதுபோக்கில் பாதி வேலை பராமரிப்புதான் என்பதை முதலிலேயே பார்த்துவிடுவது நல்லது. நார்த்லாண்ட்ஸில் ஓடுவதைப் பார்க்கிறோம். ஸ்பிரிங்ஃபீல்டில் ஓட வைப்பதைப் பார்க்கிறோம்.

அப்படிக் கேட்டதில் கிடைத்த பதில்களைச் சொன்னால் விஷயம் புரியும்.

என் மகனுக்கு ஆம்ட்ராக் (அமெரிக்காவின் தொலைதூரப் பயணிகள் ரயில்) வேண்டும். மெட்ரோபார்க் ஸ்டேஷனில் நின்று பார்த்த அதே நீளமான பயணிகள் பெட்டிகள். கிளப்காரர் ஒருவர் அவனிடம் கேட்டது ஒன்றுதான்: வீட்டில் மேசை எவ்வளவு பெரிது? வழக்கமான 4க்கு 8 அடி பிளைவுட் பலகை என்றால், ரயில் செட்டோடு கூடவே வரும் தண்டவாள வளைவு பெரும்பாலும் 18 அங்குல ஆரம். ஆம்ட்ராக்கின் 85 அடிப் பெட்டி ஹெச்.ஓ.வில் ஏறக்குறைய ஒரு அடி நீளம் வரும். அது அந்த வளைவில் திணறும், இல்லையென்றால் கவிழும். சின்ன டீசல் இன்ஜினும் 40, 50 அடிச் சரக்குப் பெட்டிகளும் என்றால் பிரச்சினையில்லை. ஆம்ட்ராக்தான் வேண்டுமென்று அடம்பிடித்தால் 160இல் ஒரு பங்கான என்-ஸ்கேலுக்குப் போ என்றார். அதில் அதே பெட்டி ஆறரை அங்குலத்துக்குள் அடங்கிவிடும்.

இரண்டாவது, தண்டவாளம். கண்காட்சியின் விற்பனை மேசைகளில் பழைய தண்டவாளம் அட்டைப்பெட்டி நிறையக் கிடைக்கும், விலை மலிவு. மஞ்சளாக இருந்தால் பித்தளை. ரயிலுக்கு மின்சாரம் தண்டவாளம் வழியாகத்தான் சக்கரத்துக்குப் போகிறது. வீட்டுப் பித்தளை விளக்கைப் புளி போட்டுத் தேய்த்த இரண்டு வாரத்தில் எப்படி மங்கிவிடுகிறதோ, அப்படியே இதுவும் மங்கும். மங்கினால் இன்ஜின் விக்கி விக்கி ஓடும். நிக்கல் சில்வர் என்று கேட்டு வாங்குங்கள். பெயரில்தான் வெள்ளி, உள்ளே செம்பும் நிக்கலும் துத்தநாகமும். ஒரு பிரபல வகையில் (பாக்மன் ஈ-இசட் டிராக்) அடித்தளம் கறுப்பாக இருந்தால் எஃகு, சாம்பல் நிறமாக இருந்தால் நிக்கல் சில்வர். நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

மூன்றாவது, டி.சி.சி. ஒவ்வொரு இன்ஜினையும் தனித்தனியாக இயக்கும் டிஜிட்டல் கட்டுப்பாட்டு முறை. இன்ஜின் வரும் அட்டைப்பெட்டியில் 'டி.சி.சி. ரெடி' என்று எழுதியிருந்தால் அந்த வசதி உள்ளே இருக்கிறது என்று அர்த்தமில்லை. டீகோடரை, அதாவது டிஜிட்டல் கட்டளையை வாங்கும் சின்ன சர்க்யூட்டை, செருக இடம் இருக்கிறது, அவ்வளவுதான். டீகோடரைத் தனியாக வாங்க வேண்டும். பழைய இன்ஜின் எதையும் பணம் கொடுக்கும் முன் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். பரிசோதனைத் தண்டவாளம் வைத்திருக்கும் மேசைகள் உண்டு. ஓட்டிக் காட்ட மாட்டேன் என்றால் அடுத்த மேசைக்கு நகர்ந்துவிடுங்கள், மேசைக்கா பஞ்சம்?

ஸ்பிரிங்ஃபீல்டுதான் என்று முடிவு செய்தவர்களுக்குச் சில வார்த்தை. சனிக்கிழமை காலைக் கூட்டத்தில் நல்ல பழைய பொருட்கள் முதலில் போய்விடும். ஞாயிறு மதியத்துக்கு மேல் கூட்டம் குறையும், விலையும் கொஞ்சம் இறங்கும், திருப்பித் தூக்கிப் போக விற்பவர்களுக்கு மனமில்லை. முதல் தடவை பார்ப்பதும் கேட்பதும்தான் முக்கியம் என்றால் ஞாயிறு போதும். ஆனால் ஞாயிறு நெடுநேரம் நின்றால் மறுநாள் வேலை இருக்கிறது, மூன்று மணி நேரம் திரும்பி ஓட்ட வேண்டும், அதையும் யோசியுங்கள்.

மாட்யூல்களின் உயரம் இன்னொரு விஷயம். தரையிலிருந்து என்-ட்ராக் வகை 40 அங்குலம், ஃப்ரீ-மோ வகை 50 அங்குலம் என்று நிற்கும். சின்னப் பிள்ளைகளுக்குப் பலகையின் விளிம்புதான் தெரியும். மடக்கு ஸ்டூல் ஒன்றைக் காரில் போட்டுக்கொள்ளுங்கள். சாதாரண மேசைமேல் பரப்பும் டி-ட்ராக் பாதைகள் அவர்களுக்குத் தோது, அங்கே முதலில் அழைத்துப் போகலாம்.

எங்கள் பையன் பெரியவன், கேள்வி கேட்கிற வயது. அதனால் மூன்று வயதுக் குழந்தையோடும் ஸ்ட்ரோலரோடும் அந்தக் கூட்டத்தில் எப்படி இருக்கும் என்பதை என் அனுபவத்திலிருந்து சொல்ல முடியாது. என் ஊகம், கஷ்டம்தான். அந்த வயதுக்கும், ஊரிலிருந்து வந்திருக்கும் தாத்தா பாட்டிக்கும் நார்த்லாண்ட்ஸே சரி. அதற்கு ஜனவரி வரை காத்திருக்கவும் வேண்டாம். ஆனால் திறந்திருக்கும் நாளையும் நேரத்தையும் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள், எல்லா நாளும் திறந்திருக்கும் என்று நம்பிப் போக வேண்டாம்.