வெட்டிய அட்டையில் குளிசை வாங்காதீர்கள்: வெள்ளவத்தையில் என் அம்மாவுக்கு நடந்தது

அம்மாவுக்கு வயது 68. பிரஷருக்கு லோசார்டன் போடுகிறார். போன மாதம் முழங்கால் நோ கூடி, படி இறங்கவே கஷ்டப்பட்டார். காலி வீதியில் வீட்டுக்குக் கிட்ட இருக்கும் பாமசிக்குப் போனேன். கவுண்டரில் நின்ற தம்பி என்ன நோ என்று கேட்டார். அம்மாவுக்கு முழங்கால் என்றேன். அவ்வளவுதான் விசாரணை. வயதையோ, வேறு மருந்து போடுகிறாரா என்றோ, வயிற்றுப்புண் இருந்ததா என்றோ கேட்கவில்லை. பனடோல் போதாதா என்று நான்தான் கேட்டேன். "அது காய்ச்சலுக்கு அக்கா, இந்த நோவுக்குக் கேட்காது" என்றார்.

இரண்டு வகைக் குளிசை தந்தார். ஒன்றின் அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டியதில் 'னாக்' என்ற கடைசி எழுத்துகள் மட்டும் மிஞ்சியிருந்தன. மற்றது அட்டையே இல்லாமல் சின்னக் கடதாசி உறைக்குள். உறையில் பேனையால் 1 x 3 என்று ஒரு கிறுக்கல். சாப்பிட்ட பிறகா, எத்தனை நாளைக்கா, ஒன்றும் இல்லை.

நோ குறைந்தது உண்மை. அதனால் அம்மா விடாமல் போட்டார். முடிந்ததும் நானே போய் இன்னொரு தடவை வாங்கி வந்தேன், அது இன்னும் மனதை அறுக்கிறது. ஒன்பதாம் நாள் காலை தலை சுற்றிக் குளியலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டு நாளாக மலம் தார் போலக் கறுப்பாகப் போகிறது என்று அப்போதுதான் சொன்னார். ஆஸ்பத்திரியில் கமரா விட்டுப் பார்த்தார்கள். இரைப்பையில் புண், அதிலிருந்து இரத்தக் கசிவு. இரண்டு பை இரத்தம் ஏற்றினார்கள்.

வார்ட் டொக்டர் உறையைக் கையில் கொட்டிப் பார்த்தார். அட்டையில் இருந்தது டைக்ளோஃபெனாக், மற்றது இபுபுரோஃபன். இரண்டும் ஒரே இனம். சேர்த்துப் போடுவதால் நோ இரட்டிப்பாகக் குறையாது, இரைப்பைக்குத்தான் கேடு. லோசார்டன் போடுகிறவருக்கு இந்த இனம் பிரஷரை ஏற்றும், சிறுநீரகத்தையும் தாக்கும்.

அம்மா வீடு வந்ததும் அந்தக் கடைக்குப் போனேன். சுவரில் மருந்தாளரின் சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. அவர் எங்கே என்றேன். பின்னேரம்தான் வருவா என்றார்கள். பாமசி பதிவுபெற்ற மருந்தாளரின் மேற்பார்வையில்தான் நடக்க வேண்டும், சான்றிதழ் மருந்து கொடுக்காது. நான் கதைத்துக்கொண்டு நிற்கும்போதே ஒருவர் வந்து, மனைவிக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல், உடம்பெல்லாம் நோ என்றார். அவருக்கும் அதே அட்டையை வெட்டத் தொடங்கினார்கள். கொழும்பில், மழைக்காலத்தில்! டெங்குவாக இருந்தால் டைக்ளோஃபெனாக், இபுபுரோஃபன், அஸ்பிரின் எதுவும் ஆகாது, இரத்தக் கசிவு கூடும். பரசிட்டமோல், அதாவது பனடோல், மட்டும்தான். அவரை வெளியே கூட்டிப்போய், முதலில் டொக்டரிடம் காட்டி இரத்தம் சோதியுங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

எல்லாப் பாமசியும் இப்படியில்லை. இப்போது நான் போகும் கடையில் வயதான மருந்தாளர் அம்மா ஒருவர் இருக்கிறார். என் அம்மாவின் மருந்தையெல்லாம் கொண்டுவரச் சொல்லி ஒவ்வொன்றாகப் பார்த்தார். டொக்டர் எழுதியபடி 500 மில்லிகிராம் பரசிட்டமோல் ஒரு தடவைக்கு இரண்டு, ஆறு மணி நேர இடைவெளி, நாளுக்கு எட்டைத் தாண்டவே கூடாது என்று உறையில் தமிழில் எழுதித் தந்தார். பரசிட்டமோல் கலந்த தடிமன் குளிசையையும் அந்த எட்டுக்குள்தான் கணக்கில் சேர்க்க வேண்டுமாம். அதை இதற்கு முன் எனக்கு யாரும் சொன்னதில்லை.

இலங்கையின் மருந்து ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. அங்கே முறைப்பாடு எழுதிவிட்டேன். உறையும் வெட்டிய அட்டையும் கையில் இருக்கின்றன. பில் மட்டும் இல்லை, கேட்டு வாங்காமல் விட்டுவிட்டேன். நீங்கள் மருந்தின் பெயர் எழுதிய பில்லை வாங்காமல் கவுண்டரை விட்டு நகராதீர்கள்.