தூறல் விழுந்தால் கைவிடும் லேசர்

லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்து சர்வீஸுக்குப் போன, லேசர் ஒளியால் தூரம் அளக்கும் என் ரேஞ்ச்ஃபைண்டர் நேற்றுதான் மேட்டுப்பாளையம் வந்து சேர்ந்தது. அதே நாள் மழைக்கணக்கு எழுதும் தம்பி ஒருவர் போன் செய்தார்: "அண்ணா, மேகம் எவ்வளவு உயரத்துல நிக்குதுன்னு பார்க்க நானும் ஒண்ணு வாங்கட்டுமா?"

மூன்று வருடமாக வைத்திருக்கிறேன். பொழுது சாய்ந்த பிறகு இதன் அருமையே தனி. வெயில் வெளிச்சம் குறுக்கே வராததால், மேகத்திலிருந்து திரும்பும் மங்கல் ஒளியைக்கூடப் பிடித்துவிடும். போன கார்த்திகையில் மழை விட்டிருந்த ஓர் அந்தியில், மொட்டை மாடியில் நின்று 30 டிகிரி சாய்வில் குறிவைத்தேன். திரையில் 1,080 மீட்டர். அது சாய்வுத் தூரம். சைன் 30 பாதி என்பதால் மேகத்தின் அடிமட்டம் 540 மீட்டர். அப்போது வெப்பநிலை 25 டிகிரி, பனிநிலை, அதாவது காற்றின் ஈரம் நீர்த்துளியாகத் தொடங்கும் வெப்பநிலை, 21. ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு மேக அடிமட்டம் சுமார் 125 மீட்டர் உயரம் என்று போட்டால் 500 வருகிறது. இரண்டும் இவ்வளவு நெருங்கி வந்த சந்தோஷத்தில் அன்று சாப்பிடவே நேரமாகிவிட்டது.

ஆனால் தூறல் விழட்டும், எல்லாம் போச்சு. போன ஐப்பசியில் குன்னூர் மலைப்பாதையில் இருந்த மச்சானுக்கு போன் போட்டேன். "பர்லியாறு வரைக்கும் மேகம் இறங்கிருச்சு மாப்ளே, முன்னாடி போற பஸ்ஸே தெரியல" என்றார். இங்கே என் கையில் இருந்த கருவி 38 மீட்டர் என்றது. மறுபடி அழுத்தினால் 61, அப்புறம் 35. கண்முன் விழும் துளிகளைத்தான் அளந்துகொண்டிருக்கிறது!

காரணம் புரியாமல் இல்லை. ஒளி போய்த் திரும்பும் நேரத்தை வைத்துத்தான் கருவி தூரம் சொல்கிறது; 150 மீட்டர் போய்த் திரும்ப ஒரு மைக்ரோ நொடி. விமான நிலையத்தில் மேக உயரம் அளக்கும் சீலோமீட்டர் ஆயிரக்கணக்கான ஒளித் துடிப்புகளை அனுப்பி, எந்த உயரத்திலிருந்து எவ்வளவு ஒளி திரும்பியது என்று முழுக்க அடுக்கிப் பார்க்கும். அதனால் லேசான தூறலுக்குப் பின்னால் உள்ள மேகமும் தெரியும். என்னுடையது காட்டுவது ஒரே ஓர் எண். இந்த விலைக்கு அதற்கு மேல் கேட்பது நியாயமில்லைதான். இருந்தாலும் எங்கள் ஊருக்கு மழையே ஐப்பசி, கார்த்திகையில்தான். அந்த இரண்டு மாதத்தில் உதவாத கருவி எனக்கு எதற்கு?

வாங்க வேண்டாம் தம்பி. இதே தொலைந்தால் நானும் இன்னொன்று வாங்க மாட்டேன். ஆசை விடவில்லை என்றால், பழையதாகப் பார்த்து, தூறும் நாளில் கடைக்குப் போங்கள். வாசலில் நின்று பத்து முறை அழுத்திப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.