பதினைந்து நாளா, ஆறு மாதமா?

ஓவியர் வெளிநாடு போனால் சில நாள் போதுமா, மாதக்கணக்கில் தங்க வேண்டுமா? இதை யோசிக்கும்போதெல்லாம் எனக்கு இரண்டு பேர் நினைவுக்கு வருவார்கள்.

பிரெஞ்சு ஓவியர் டெலக்ருவா 1832 ஜனவரியில் பிரெஞ்சுத் தூதுக்குழுவோடு மொராக்கோ போனார். ஏறக்குறைய ஆறு மாதப் பயணம். குதிரை, வாசல், தலைப்பாகை என்று குறிப்பேட்டில் வேகமாகக் கோடிழுப்பார். எங்கே என்ன நிறம் என்று பக்கத்திலேயே எழுதியும் வைப்பார். ஊர் திரும்பியபின் அந்த ஏடுகள்தான் அவருக்குச் சொத்து. 1834-இல் 'அல்ஜியர்ஸ் பெண்கள்' ஓவியம் வந்தது. 1863-இல் இறக்கும்வரை வட ஆப்பிரிக்காவை வரைந்துகொண்டே இருந்தார்.

சுவிட்சர்லாந்தில் பிறந்த ஓவியர் பால் க்ளே 1914 ஏப்ரலில் துனிசியாவில் இருந்தது இரண்டு வாரம்தான். நிறம் தன்னைப் பிடித்துக்கொண்டது என்று கைரவான் நகரில் நாட்குறிப்பு எழுதினார். அதுவரை பெரும்பாலும் கோட்டோவியம். அப்புறம் வீடும் குவிமாடமும் நிறச் சதுரங்களாயின. ஆனால் பல வருடம் நிறத்தோடு மல்லாடிவிட்டுத்தான் அங்கே போனார், அதனால் பலித்தது. கூட வந்த ஜெர்மன் ஓவியர் மாக்கே அதே ஆண்டு செப்டம்பரில் முதல் உலகப் போரில் இறந்தார், வயது 27. நினைத்தாலே மனசு கனக்கிறது.

முதல் பயணம் என்றால் டெலக்ருவா வழியைத்தான் சொல்வேன். போனில் படம் எடுங்கள், சரி. நிழல் நீலமா, ஊதாவா என்று அங்கேயே நின்று எழுதியும் வையுங்கள். கேமரா அதைப் பெரும்பாலும் மாற்றிவிடும்.