உருக்குக் கத்தி என்று சொல்லி 68,000 ரூபாயைப் பறித்துவிட்டார்கள்

முந்தாநாள்தான் தெரியவந்தது, இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. தம்பிக்கு நுவரெலியாவில் ஒரு ஹோட்டல் குசினியில் வேலை நிரந்தரமாகியது, அவனுக்கு ஒரு நல்ல கத்தி கொடுக்க ஆசைப்பட்டு மாதம் 8,500 வீதம் எட்டு மாதம் சீட்டுக் கட்டினேன். 68,000 ரூபாய்.

கைவினைப் பொருட்கள் விற்கும் ஒரு ஆன்லைன் கடையில் பார்த்தது. மூசையில், அதாவது மூடிய மண் கலத்தில் உருக்கி, கையால் அடித்த உருக்காம், அலகு முழுக்கத் தண்ணீர் ஓடுவது போல வரி. விற்றவனுக்குப் போன் எடுத்தேன். "நானும் தோட்டத்துப் பிள்ளைதான் அக்கா" என்றான். எங்கள் அப்பா தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டினவர் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். "அப்ப உங்களுக்கு நான் கத்தியப் பத்திச் சொல்லணுமா?" அந்த ஒரு வார்த்தையில்தான் விழுந்தேன். இலங்கையில் உள்ள சமனலவெவ பற்றியும் பேசினான். பருவக்காற்றிலேயே உலை எரித்து ஆயிரம் வருடத்துக்கு முந்தியே உருக்கு எடுத்த இடம் அது, 1996இல் ஆய்வாக வெளிவந்த உண்மைதான். ஆனால் அந்தக் காற்று உலை வேறு, மூசையில் மூடி உருக்குவது வேறு தொழில். இரண்டையும் ஒன்றாக்கிச் சொன்னபோது எனக்குத் தெரியவில்லை. அன்றே பேங்கில் முழுக் காசும் போட்டேன்.

பார்சல் வந்தது, தம்பி லீவில் வரும்வரை பிரிக்காமல் வைத்திருந்தேன். வந்தவன் தேசிக்காய் வெட்டி, கழுவாமல் ஒரு இரவு வைத்துப் பார்த்தான். அப்படி உருக்கென்றால் கறுத்திருக்க வேண்டும், இது பளபளவென்று இருந்தது. கம்மாலைக்குக் கொண்டுபோனோம், அப்பாவின் கவ்வாத்துக் கத்தியைத் தீட்டித் தந்த அதே மாமா. சாண்ட் பேப்பரால் நாலு இழுப்பு, வரி போய்விட்டது. "உண்மையான வரி இரும்புக்குள்ள இருக்கும் புள்ள, தேய்ச்சாலும் அசிட் பூசினா திரும்ப வரும்" என்று பூசியும் காட்டினார். ஒன்றுமே வரவில்லை. ஸ்டெயின்லெஸ் தகட்டில் மேலே போட்ட கோலம், அதற்கு 68,000!

போன் செய்தால் "கையால செய்றது அக்கா, ஒவ்வொன்னு ஒவ்வொரு மாதிரி இருக்கும்." அப்புறம் "நீங்க தேய்ச்சதாலதான் கெட்டுப்போச்சு." அப்புறம் மெசேஜைப் பார்த்துவிட்டுப் பதிலே இல்லை. அந்த ஆன்லைன் கடைக்காரர்களிடம் முறையிட்டால் ஏழு நாள் தாண்டிவிட்டதாம், விற்றவரோடு பேசிக்கொள்ளட்டுமாம். தம்பி "பரவாயில்ல அக்கா" என்கிறான், அதுதான் இன்னும் எரிகிறது. அவனுக்காகச் சேர்த்த 68,000 அது.

வாங்குவதென்றால் என்னென்ன பார்க்க வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. முழுக் காசையும் முன்கூட்டிப் போடாதீர்கள். பார்சலை வந்த அன்றே வீடியோ எடுத்துக்கொண்டு பிரியுங்கள். காந்தம் ஒட்டுவதைப் பார்த்து நம்பாதீர்கள், ஸ்டெயின்லெஸ் கத்தியிலும் ஒட்டும். ஓர் ஓரத்தைத் தேய்த்து அசிட் பூசிக் காட்டச் சொல்லுங்கள், மறுத்தால் போனை வையுங்கள்.