தக்கையா, வீச்சா? பிள்ளையோடு மீன்பிடிக்க எது ஏற்றது

பிள்ளையை முதன்முதலாக மீன்பிடிக்க அழைத்துச் செல்லும் பெற்றோர் பலரும், எதில் அதிகமாக மீன் விழும் என்று விசாரித்தே தூண்டிலை வாங்குகிறார்கள். மீனுக்காகப் போகிறவர்களுக்கு அது சரியான கேள்விதான். பிள்ளையோடு சேர்ந்து இருப்பதற்காகப் போகிறவர்கள் கேட்க வேண்டியது வேறு: மீன்பிடிக்கும் அந்த நேரத்தில் என் கையும் கண்ணும் எதில் இருக்கும், பிள்ளையின் கையும் கண்ணும் எதில் இருக்கும்? கரையில் அமர்ந்து போடும் தக்கைத் தூண்டில், தூண்டில் நரம்பைச் சுற்றும் ரீல் வைத்த கோலில் செயற்கை இரையை எறிந்து இழுக்கும் வீச்சுத் தூண்டில், படகு ஆகிய மூன்றையும் இந்த ஒரு கேள்வியை வைத்தே பார்க்கிறேன்.

தக்கைத் தூண்டிலுக்கு வேண்டியவை மிகக் குறைவு. ரீல் இல்லாத ஒரு கழி, ஏறத்தாழ அதே நீளத்தில் நரம்பு, ஒரு தக்கை, சில ஈயக்குண்டுகள், சிறிய முள், மண்புழு, அவ்வளவுதான். ஆனால் இந்தச் சின்னக் கருவிக்குள் பிள்ளை செய்வதற்கு உண்மையான வேலை இருக்கிறது. தக்கையின் நுனி மட்டும் நீருக்கு மேல் தெரியும்படி ஈயத்தை ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்க்க வேண்டும். எடை குறைந்தால் தக்கை படுத்துக்கொள்ளும், கூடினால் மூழ்கிவிடும். அளவு சரியாக அமைந்துவிட்டால், சிறு மீன் இரையைத் தொட்டாலும் நுனி நடுங்குவது கண்ணுக்குத் தெரியும். சில வேளை அது அமுங்காமல் பக்கவாட்டில் மெல்ல நகரத் தொடங்கும். இரையை வாயில் கவ்விக்கொண்டு மீன் போகிறது என்று அப்போது பிள்ளையின் காதருகே சொல்லலாம். பெரியவரும் சிறியவரும் ஒரே புள்ளியை, ஒரே எதிர்பார்ப்போடு, நெடுநேரம் பார்த்துக்கொண்டிருக்கும் வாய்ப்பு வீட்டில் எத்தனை முறை அமைகிறது?

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைக் குறிப்பிட்டாக வேண்டும். பேசினால் மீன் ஓடிவிடும் என்று பிள்ளைகளின் வாயை அடைப்பது தேவையற்றது. காற்றில் எழும் ஒலி நீர்ப்பரப்பில் பட்டு ஏறக்குறைய முழுவதுமாகத் திரும்பிவிடுகிறது; அதன் ஆற்றலில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே நீருக்குள் இறங்குகிறது. மாறாக, கரையில் தடதடவென்று ஓடுவதும் கல்லை எறிவதும் நீரில் அதிர்வை உண்டாக்குகின்றன, அதை மீன் தன் உட்காதாலும் உடலின் இருபுறமும் நீளவாக்கில் ஓடும் பக்கக்கோடு என்ற உணர்உறுப்பாலும் உணர்ந்துகொள்கிறது. ஆகவே ஓடாதே என்று சொல்லலாம், பேசாதே என்று சொல்ல வேண்டியதில்லை. பள்ளியில் நடந்ததைப் பிள்ளை தானாகச் சொல்லத் தொடங்குவது இப்படிப்பட்ட நேரத்தில்தான்.

வீச்சுத் தூண்டிலின் பலம் அதன் ஓயாத அசைவு. சும்மா உட்கார முடியாத பிள்ளைக்கு எறிவதும் சுற்றுவதும் இடம் மாறுவதும் பிடித்துப்போகும் என்பதை மறுக்க முடியாது. ஆனால் தொடக்கக் காலத்தில் அது பெற்றோரைப் பழுது பார்ப்பவராக்கிவிடுகிறது. திறந்த ரீலில் நரம்பை விரலில் பிடித்து, சரியான கணத்தில் விட வேண்டும். முன்கூட்டி விட்டால் இரை தலைக்கு மேல் எழும், தாமதித்தால் காலடியில் வந்து விழும். சிக்கல் எடுப்பதும், கிளையில் மாட்டியதை மீட்பதும், மறுபடி கட்டுவதுமாகவே பொழுது கழிகிறது. விசையை அழுத்தி எறியும் மூடிய ரீல் இந்தச் சிரமத்தைப் பாதியாவது குறைக்கும். இருந்தாலும், எறியும் கோலின் வட்டத்துக்குள் யாரும் நிற்கக் கூடாது என்பதால் இருவரும் விலகியே நிற்க வேண்டியிருக்கிறது. அந்த இடைவெளியில் பேச்சு கூவலாக மாறிவிடுகிறது.

படகைப் பற்றி நீட்டிச் சொல்ல அதிகமில்லை. உயிர்காப்பு மேலங்கியை இருவரும் அணிந்தே ஏற வேண்டும். செலுத்துவதிலும் பாதுகாப்பிலும் பெற்றோரின் கவனம் பிரிந்துபோகும். சலித்துப்போன பிள்ளை நினைத்தவுடன் கரைக்குத் திரும்பவும் முடியாது. சிறு பிள்ளைக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கருவியைவிடவும் முக்கியமான தேர்வு, ஒரு தூண்டிலா இரண்டா என்பது. ஆளுக்கொன்று என்றால் நியாயமாகத் தோன்றும்; ஆனால் தன் தக்கையைப் பார்க்கும் பெற்றோர் பிள்ளையின் தக்கையைப் பார்ப்பதில்லை, பெரியவருக்கு மீன் விழுந்து சிறியவருக்கு விழாவிட்டால் அங்கே போட்டியும் வந்துவிடுகிறது. முதல் சில முறைகளுக்காவது ஒரே தூண்டில் போதும்; அது பிள்ளையின் கையில் இருக்கட்டும். மீன் ஏறும்போது கோலைப் பிடுங்கி உதவ நினைக்கும் கையை மட்டும் பெற்றோர் அடக்கிக்கொள்ள வேண்டும், தப்பிப்போகும் மீனும் பிள்ளையுடையதாகவே இருக்கட்டும். விட்டுவிடப்போகும் மீன் என்றால், அதன் மேலுள்ள வழுவழுப்பு கெடாமல் இருக்க முதலில் கையை நனைத்துக்கொள்ளச் சொல்லிக் கொடுங்கள்.

பிள்ளை தானே புழுவைக் கோத்து, முடிச்சை ஈரமாக்கி இறுக்கி, மீனைக் கழற்றத் தெரிந்துகொண்டபின் இந்தக் கணக்கு மாறுகிறது. அருகிலேயே உட்கார்ந்திருப்பதைக் கண்காணிப்பாக எண்ணும் வயதில், கூப்பிடு தூரத்தில் நின்று தனித்தனியே வீசிவிட்டு இடம் மாறும்போது சேர்ந்து நடப்பதே இருவருக்கும் இயல்பாக அமையும். அப்போது வீச்சுக்கு மாறலாம். மும்முனை முள்ளுள்ள இரையைத் தவிர்த்து ஒற்றை முள் உள்ளதை வாங்குங்கள். முள்ளின் நுனியை அடுத்துப் பின்னோக்கி நீண்டிருக்கும் சிறு கூர்முனையை இடுக்கியால் நசுக்கிவிடுங்கள். இருவரும் கண்ணாடி அணிந்த பிறகே முதல் வீச்சைத் தொடங்குங்கள்.