ஊட்டியிலிருந்து பெட் ஸ்கேனுக்கு இறங்குகிறவர்களுக்கு

இந்த முறை ஊருக்கு வந்தபோது குன்னூரிலும் கோத்தகிரியிலும் அடிக்கடி காதில் விழுந்த கேள்வி: "மேலேயே பெட் ஸ்கேன் எப்போ வரும்?" 2022-ல் ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கியபின் அப்படிக் கேட்பதில் தப்பில்லை. நியூக்ளியர் மெடிசினில் (கதிரியக்க மருந்து கொடுத்துப் படம் எடுக்கும் துறை) வேலை செய்கிறவன் கண்ணுக்கு, மெஷினைவிட ரோடுதான் தடை.

புற்றுநோய் போன்றவற்றைத் தேடும் பெட் ஸ்கேனுக்கு ஏற்றுவது எஃப்.டி.ஜி என்ற சர்க்கரை போன்ற மருந்து. அதில் உள்ள கதிரியக்க ஃப்ளோரின்-18 சுமார் 110 நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகும். அந்த மருந்து கோவையிலிருந்து ஊட்டி வர மூன்று மணி நேரம் என்றால், வந்து சேர்வது மூன்றில் ஒரு பங்கு. குன்னூர் மலைப்பாதையில் பர்லியார் பக்கம் மண் சரிந்து இன்னும் இரண்டு மணி நேரம் போனால் 15 சதவீதம்தான் மிச்சம். அன்றைய நோயாளிகள் எல்லாரையும் திருப்பி அனுப்ப வேண்டியதுதான்.

சாதாரண பெட்-சிடி மெஷின், நோயாளி படுத்திருக்கும் மேசை ஒரு இடத்தில் நிற்கும்போது உடம்பில் 15 முதல் 30 செ.மீ. வரைதான் பார்க்கும். 2018-ல் முதல் மனிதப் படங்களைக் காட்டிய எக்ஸ்ப்ளோரர் என்ற முழு உடல் பெட் மெஷின் 194 செ.மீ. நீளத்தை ஒரே நேரத்தில் பார்க்கிறது, குறைந்த மருந்தே போதும். மலைக்கு ஏற்றது போலத் தெரியும். விலையைக் கேட்டால் அந்தப் பேச்சு நின்றுவிடும். இன்னொன்று, ஊட்டி 2,240 மீட்டர் உயரம். மருத்துவ மின்கருவிகளுக்குள் மின்சாரம் தாவாமல் இருக்க விடும் இன்சுலேஷன் இடைவெளியின் கணக்கு பொதுவாக 2,000 மீட்டர் வரைக்குமானது. அதற்கு மேல் கூடுதல் இடைவெளி வேண்டும், காற்று மெலிந்திருப்பதால் ஃபேன் குளிர்விப்பதும் குறையும். டெண்டரிலேயே உயரத்தை எழுதாவிட்டால் பின்னால் வம்பு.

என்னைக் கேட்டால் மலைக்கு முதலில், வேறு கதிரியக்க மருந்துகளை வைத்துப் படம் எடுக்கும் காமா கேமராதான் வர வேண்டும். அதற்கான கதிரியக்கப் பொருள் டெக்னீசியம். அதை அங்கேயே எடுத்துக்கொள்ளும் 'ஜெனரேட்டர்' என்ற கலத்தில் இருக்கும் மாலிப்டினம் பாதியாக 66 மணி நேரம் ஆகும். வாரம் ஒருமுறை லாரி ஏறி வந்தால் போதும், எலும்பு ஸ்கேன், தைராய்டு ஸ்கேன் எல்லாம் நடக்கும்.

அதுவரை கோவைக்கு இறங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியது குளிர். குளிரில் உடம்பைச் சூடாக்கும் பழுப்புக் கொழுப்பு சர்க்கரையை, அதோடு எஃப்.டி.ஜி-யையும் இழுத்துக்கொள்ளும். கழுத்து, காறை எலும்புக்கு மேல், முதுகெலும்பு ஓரம் பளிச்சென்று தெரியும், நிணநீர்க் கட்டியா என்று சந்தேகம் வரும். இளம் பெண்களுக்கும் ஒல்லியானவர்களுக்கும் இது அதிகம். ஜனவரியில் விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்புவதைவிட முந்தின நாளே இறங்கித் தங்குவது நல்லது. முடியாவிட்டால் ஸ்வெட்டர், குல்லா, கம்பளி. காரில் ஏசி வேண்டாம்.

ஆறு மணி நேரம் பட்டினி, தண்ணீர் மட்டும் குடிக்கலாம். வளைவில் குமட்டுகிறது என்று எலுமிச்சை மிட்டாய் போட்டுக்கொண்டால் பட்டினி கெட்டது. வெற்றிலை மென்றால் தாடைத் தசை படத்தில் ஒளிரும். முந்தின நாள் தேயிலைச் சரிவில் ஏறி இறங்கினால் கால் தசைக்கும் அதே கதி. ரத்தச் சர்க்கரை 200-க்கு மேல் இருந்தால் பெரும்பாலும் வேறு நாள் கொடுப்பார்கள். இன்சுலின், மெட்ஃபார்மின் எப்போது நிறுத்துவது என்பதை ஸ்கேன் மையத்திடமே முன்கூட்டிக் கேட்டு வைக்க வேண்டும். ஊசி போட்டபின் ஒரு மணி நேரம் பேசாமல் படுத்திருக்க வேண்டும்.

திரும்பி ஏற வெளியூர் டாக்ஸி பிடித்தால் நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ் வேண்டும், டிஎன்-43 என்ற நீலகிரிப் பதிவெண் வண்டிக்குத் தேவையில்லை. மே சீசனில் குன்னூர் பாதை ஏறவும் கோத்தகிரி பாதை இறங்கவும் என்று ஒருவழியாக்குவது வழக்கம், அதையும் நேரக் கணக்கில் சேர்க்கவும்.

பிள்ளைகள் வெளிநாட்டு டாக்டரிடம் காட்டப் போவதாக இருந்தால் ஃபிலிமும் ரிப்போர்ட்டும் போதாது. டைகாம் ஃபைல்கள் (ஸ்கேனின் மூலப் படங்கள்) உள்ள சிடியோ பென்டிரைவோ கேட்டு வாங்குங்கள். பெற்றோரை உடனே விமானத்தில் கூட்டிப் போகிறவர்களுக்கு: எஃப்.டி.ஜி மறுநாளைக்குள் ஏறக்குறைய தீர்ந்துவிடும். தைராய்டுக்கு அயோடின்-131 சிகிச்சை எடுத்தவர்கள் சில வாரம் கழித்தும் விமான நிலையக் கதிர்வீச்சுக் கருவியை அலற வைக்கலாம். மருந்தின் பெயர், அளவு, தேதி, மருத்துவமனை தொலைபேசி எண் எழுதிய ஆங்கிலக் கடிதம் கைப்பையில் இருக்கட்டும்.